அம்பத்தாறு ஏ.பி.ஓ.

பேரையூர்ப் பக்கம் ஒரு கரிசக்காட்டுக் கிராமத்தில் கிளை போஸ்ட்மாஸ்டராக இருந்தேன். வீட்டுத் திண்ணைதான் ஆபீஸ். பட்டாளத்துக்குப் போன பையன்கள் அதிகம் என்பதால் மாதம் பிறந்தால் மணியார்டர் வேலை ஓடும்.

அவர்களில் ஒருவன் பீரங்கிப் படைக்காரன். விடியுமுன் கண்மாய்க்கரையில் ஓடி ஓடியே ஆளெடுப்பில் தேறியவன். பயிற்சி நாசிக்கில். ரெஜிமெண்டில் சேர்ந்தபின் விலாசத்தில் ஊர் இல்லை. நம்பர், பெயர், யூனிட், கீழே ‘56 ஏ.பி.ஓ.’ என்ற ராணுவத் தபால் ஆபீஸ் நம்பர் மட்டும். எங்கே நிற்கிறான் என்று தபால்காரனுக்கும் தெரியக்கூடாதல்லவா? அவன் அம்மாவுக்கோ, நான் அத்தை என்று கூப்பிடுவேன், அதுவே ஒரு ஊர். “அம்பத்தாறுல பனி கொட்டுதாம்ல தம்பி?” என்று கேட்பார்.

மணியார்டர் பாரத்தின் வால் துண்டில் சேதி எழுதக் கொஞ்சம்தான் இடம். பொடி எழுத்தில் நிரப்பியிருப்பான்: ‘ஆட்டை விக்க வேண்டாம். வட்டியை மட்டும் கட்டு. தங்கச்சி படிப்பை நிப்பாட்டாதே.’ நான் வாசிப்பேன். அத்தை இடது பெருவிரலில் மை தொட்டு வைப்பார். டீக்கடைக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போடுவார்.

1999 கோடையில் கார்கில் சண்டை. மேட்டில் உட்கார்ந்திருந்த எதிரிக்குக் கீழே ஸ்ரீநகர் – லே சாலை அப்படியே தெரியும். நம் பீரங்கி நின்ற இடத்திலேயே எதிரிக் குண்டு விழுந்தது என்றார் உடலோடு வந்த சுபேதார். நாடு முழுக்க 527 பேர் போனார்கள், அதில் இவனும். 1971 சண்டையில் பெரும்பாலும் தந்திதான் வரும், தகனம் அங்கேயே முடிந்துவிடும். இந்தச் சண்டையில்தான் கொடி போர்த்திய பெட்டி வீட்டு வாசல்வரை வந்தது. அன்றைய கூட்டமும் பேச்சும் பேப்பரில் வந்தன. அதற்குப் பிந்தைய காகித வேலையை யாரும் எழுதவில்லை.

ராணுவ ஏட்டில் அத்தை பெயர் ‘அம்மா’ என்று முடிந்தது, ரேஷன் கார்டில் ‘அம்மாள்’ என்று. அந்த ஒரு ‘ள்’ளுக்காக வி.ஏ.ஓ., தாலுகா ஆபீஸ், நோட்டரி என்று அலைச்சல். மேடையேறிப் பேசியவர்கள் யாரும் கூட வரவில்லை. பக்கத்து ஊர் ரிட்டயர்டு ஹவில்தார் ஒருவர்தான் பஸ் காசும் வாங்காமல் கூடவே நடந்தார். இரண்டு பெயரும் ஒருவரே என்ற சான்றை, நாசிக்கிலிருக்கும் பீரங்கிப் படை ஆவண அலுவலகத்துக்கு நான்தான் ரிஜிஸ்தர் செய்தேன். “அம்பத்தாறுக்கா?” என்றார் அத்தை. இல்லை என்றதும் ரசீதை வாங்கி முடிந்துகொண்டார்.

பென்ஷன் பேங்க்கில் போட்டார்கள். செலான் எழுத மாதாமாதம் மகளைக் கல்லுப்பட்டிக்குக் கூட்டிப் போனார். அவள் அப்போது பத்தாவது முடித்திருந்தாள்.