வடக்கே ஒரு நட்சத்திரம்

டிசம்பர் 17
நிழல் இருக்கிறது என்றார்கள். அம்மாவின் வலது நுரையீரலில், ஐந்து ரூபாய்க் குற்றி அளவு. சளியாகவும் இருக்கலாமாம். மறுபடி எக்ஸ்ரே படம் எடுத்துத்தான் சொல்வார்களாம். 27ஆம் திகதி.

டிசம்பர் 18
மழை. அம்மா இஸ்தோப்பில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். ஒருமுறைகூட இருமவில்லை. எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

டிசம்பர் 20
மழை விட்டது. கோவில் மேட்டுக்கு ஏறினேன். லயத்து வாசலில் நின்றால் வடக்கை மலை மறைத்துவிடும். துருவ நட்சத்திரம் நமக்குத் தரையோடு தரையாகத்தான் கிடக்கும். அதற்கு மேலே காமா செஃபை என்ற நட்சத்திரம், ஏழரை மணிக்கு. கண்ணுக்கு ஒரே புள்ளி, ஆனால் அங்கே இருப்பவை இரண்டு நட்சத்திரங்கள். சிறியது செங்குறளன், அதாவது மங்கலான சிறிய சிவப்பு நட்சத்திரம். இரண்டும் ஒரு சுற்று முடிக்க 66 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பெரியதைச் சுற்றி, வியாழனை விடக் கனமான ஒரு கோள், ஏறத்தாழ இரண்டரை ஆண்டுக்கு ஒரு சுற்று. பக்கத்தில் இன்னொரு நட்சத்திரம் இழுத்துக்கொண்டே இருந்தும் அது தன் பாதையை விடவில்லை.
திரும்பினால் சிவனொளிபாதமலையின் விளக்கு வரிசை. கும்பிட்டேன்.

டிசம்பர் 21
தூக்கமில்லை.
அந்தக் கோளை முதலில் யாரும் கண்ணால் கண்டு சொல்லவில்லை. நட்சத்திரம் வினாடிக்கு 27 மீட்டர் அளவு முன்னும் பின்னும் ஆடுவதை அதன் ஒளியில் அளந்தார்கள். அதிவேகப் பாதையில் பஸ் ஓடும் வேகம், அவ்வளவுதான். 1988இல் காம்பெல், வாக்கர், யாங் என்ற வானியலாளர் மூவரும் கோள் இருக்கலாம் என்று எழுதினார்கள். 1992இல் வாக்கரும் கூட்டாளிகளும், நட்சத்திரம் தன்னைத்தானே சுற்றுவதால் தோன்றும் போலி அசைவாக இருக்கலாம் என்று பின்வாங்கினார்கள். 2003இல் ஹாட்ஸஸ் குழு இருபது ஆண்டு அளவீடுகளை ஒன்றுசேர்த்து, கோள்தான் என்று உறுதிப்படுத்தியது.
நான் 1992இலேயே நின்றுவிட ஆசைப்படுகிறேன். போலி அசைவு. வெறும் சளி.

டிசம்பர் 23
இருமினாள். நான்கு முறை.

டிசம்பர் 24
படத்தைச் சாமித் தட்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தேன். சாய்த்தால் நிழல் மங்குகிறது, நிமிர்த்தினால் வந்துவிடுகிறது. அம்மா வந்து நின்றது தெரியவில்லை.
"வை தம்பி. ராத்திரியில் அதை ஏன் எடுக்கிறாய்?"
வாங்கிக்கொண்ட விரலின் வெடிப்பில் கொழுந்துக் கறை கறுத்துக் கிடந்தது. வேலையை விட்டு ஆறு வருடமாகிறது, இன்னும் போகவில்லை.

டிசம்பர் 26
மேட்டில் ஒரு மணி நேரம் நின்றேன். மூட்டம்.

டிசம்பர் 27, காலை 4.40
இந்நேரம் அந்த நட்சத்திரம் அடிவானத்துக்குக் கீழே போயிருக்கும். அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு வாசலில் நிற்கிறாள். முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பழைய படத்தையும் பையில் வைத்துவிட்டேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்களாம்.