ஏழு நிமிஷ நடைக்கு 18 யூரோ!

முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். அயர்லாந்தில் டப்ளினிலிருந்து பஸ்ஸில் கார்க் நகரத்துக்கு வந்து இறங்கினால் சாரல். பெட்டி வேறு கனம் என்று டாக்சி பிடித்தேன். மனிதர் ஊரை ஒரு சுற்று சுற்றிக் காட்டி 18 யூரோ வாங்கிக்கொண்டு விடுதி வாசலில் இறக்கிவிட்டார். மாலையில் நடந்து பார்த்தால், பஸ் நிலையம் அங்கிருந்து ஏழே நிமிஷம்! ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்கு மேல் போச்சு. அது என் இரண்டு வேளைச் சாப்பாடு.

இனி டிக்கெட் கேட்கும் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று கிளம்பியதில் அகப்பட்டதுதான் சிட்டி ஹால், இந்த ஊர் மாநகராட்சிக் கட்டடம். லீ ஆற்றங்கரையில் வெளுத்த சுண்ணாம்புக்கல், மேலே பச்சைக் குவிமாடம், கடிகாரம். வரி கட்டுகிற இடம்தானே, ஐந்து நிமிஷத்தில் பார்த்துவிடலாம் என்றுதான் போனேன். வாசலில் இரண்டு மார்பளவுச் சிலைகள். ஒன்றின் மூக்கு நுனியில் மழைத்துளி சேர்ந்து சேர்ந்து சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேருமே 1920-இல் இங்கே மேயர்கள்; இரண்டு பேருமே அந்த வருஷத்தைத் தாண்டவில்லை.

அயர்லாந்து பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து விடுதலைப் போர் நடத்திக்கொண்டிருந்த சமயம் அது. டோமாஸ் மக் கர்டன், மார்ச் 20 அன்று, தன் பிறந்தநாளிலேயே வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்து வந்த டெரன்ஸ் மக்ஸ்வீனியை ஆகஸ்டில் பிரிட்டிஷ் படை கைது செய்தது இதே இடத்தில்தான். அப்போது இங்கே இருந்தது வேறு கட்டடம். ஒரு காலத்துத் தானிய மண்டியை நகர மன்றமாக்கியிருந்தார்கள். 74 நாள் உண்ணாவிரதம் இருந்து லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் அவர் இறந்தார். உடலைக் கொண்டுவந்து மக்கள் பார்க்க வைத்ததும் இங்கேதான். அடக்கம் முடிந்து ஆறே வாரம், கட்டடமும் போய்விட்டது.

டிசம்பர் 11 இரவு, தங்கள் ஆட்கள் மீது நடந்த தாக்குதலுக்குப் பழிவாங்க பிரிட்டிஷ் துணைப்படையினர் ஊருக்கே தீ வைத்தார்கள். அணைக்க வந்தவர்களின் தண்ணீர்க் குழாய்களை வெட்டினார்கள். நகர மன்றமும் பக்கத்து நூலகமும் சாம்பல். அயர்லாந்து விவகார அமைச்சர் ஹமர் கிரீன்வுட் நாடாளுமன்றத்தில் எழுந்து, ஊர்க்காரர்களே கொளுத்திக்கொண்டார்கள் என்றார். என்ன நெஞ்சழுத்தம்! கொளுத்தியவர்களோ பாட்டில் கார்க்கைக் கருக்கித் தொப்பியில் செருகிக்கொண்டு டப்ளினில் உலாவினார்களாம்.

இப்போதுள்ள கட்டடத்துக்கு 1932-இல், அப்போதைய அயர்லாந்து அரசாங்கத் தலைவர் டி வலேரா அடிக்கல் நாட்டி, 1936-இல் அவரே திறந்து வைத்தார். செலவு பிரிட்டிஷ் அரசுடையது. எரித்தவனே கட்டிக்கொடுத்த கணக்கு. எனக்கு அந்த 18 யூரோ ஞாபகம் வந்தது.

நனைந்த சட்டையோடு ஒரு சின்னக் கடையில் மீன் சூப்பும் பழுப்பு ரொட்டியும் சாப்பிட்டேன். 9 யூரோ. கிண்ணத்தை ரொட்டியால் வழித்துத் துடைத்தேன், வெட்கமே படவில்லை.

சிட்டி ஹாலுக்கு எப்படிப் போவது என்கிறீர்களா? பஸ் நிலையத்திலிருந்து தெற்கே நடந்து ஆற்றைத் தாண்டுங்கள், குவிமாடம் கண்ணில் படும். மறுநாள் நானும் பெட்டியை உருட்டிக்கொண்டே நடந்தேன். பாலத்தில் ஒரு சக்கரம் கழன்றுவிட்டது.