எக்ஸ்எல் கிட்டும் எம் சைஸ் சிஸ்டர்களும்

2020 மே மாதக் கடைசியில் நர்ஸான என்னைக் கோவிட் வார்டு டூட்டியில் போட்டார்கள். அதற்குள் பிபிஇ கிட் பஞ்சம் ஓரளவு தீர்ந்திருந்தது. பனியன் தைத்துக்கொண்டிருந்த திருப்பூர்க் கம்பெனிகள் தலை முதல் கால் வரை மூடும் பாதுகாப்பு உடுப்பான கவராலைத் தைத்துக் குவித்துக்கொண்டிருந்தன. பயிற்சியும் அரை நாளில் முடிந்தது. வம்பெல்லாம் ஸ்டோரில்தான் ஆரம்பித்தது.

எங்களுக்கு வந்த கவரால் அத்தனையும் எக்ஸ்எல். வார்டில் வேலை பார்ப்பவர்களோ முக்கால்வாசி நர்ஸ்கள், அதிலும் ஐந்தடிக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் நிறையப் பேர். கால் பிரியும் இடம் முழங்காலில் தொங்கும். வேகமாக நடந்தால் தடுக்கும். நோயாளிக்கு மருந்து ஏற்றும் ஊசிக்குழாயான வென்ஃப்ளான் போடக் குனிந்தால் தலைமூடி சரிந்து காகிள்ஸை மறைக்கும். அதைத் தள்ளிவிட, நோயாளியைத் தொட்ட கை தானாகவே முகத்துக்குப் போகும். பாதுகாப்புக்காகப் போட்ட உடுப்பே முகத்தைத் தொட வைத்தால் என்ன செய்வது?

ஸ்டோர் கிளார்க்கிடம் கேட்டேன். தலையைக்கூட நிமிர்த்தாமல், "ஃப்ரீ சைஸ் சிஸ்டர், எல்லாருக்கும் பொருந்தும். டாக்டருங்க யாரும் கேக்கலையே" என்றார். உண்மையில் மேற்படிப்புப் படிக்கும் டாக்டர்களான பிஜி மாணவிகள் எங்களோடு சேர்ந்து புலம்பிக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் ஸ்டோர் வரைக்கும் வந்ததில்லை, அவ்வளவுதான்.

சரியான சைஸ் வரும்வரை பிளாஸ்டரால் சமாளித்தோம். இடுப்பிலும் முழங்காலுக்குக் கீழும் சுற்றி ஒட்டி, தொங்கும் துணியை மேலே ஏற்றிக்கொள்வோம். யாராவது இப்படிச் செய்வதாக இருந்தால் ஒன்று: பிளாஸ்டரின் நுனியை அரை அங்குலம் மடித்து விடுங்கள். இல்லாவிட்டால் கழற்றும்போது நுனி கிடைக்காமல் கிளவுஸ் போட்ட கையால் சுரண்டவேண்டியிருக்கும். கவரால் கிழிந்து வெளிப்பக்கம் உள்ளே போட்டிருக்கும் ஸ்க்ரப்ஸில் பட்டுவிடும்.

மாஸ்க் கதை இன்னும் மோசம். என்95 என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, காதில் மாட்டும் கேஎன்95-ஐக் கொடுத்தார்கள். வடிகட்டும் துணி நன்றாகவே இருக்கலாம். ஆனால் மூக்கோரத்தில் இடைவெளி இருந்தால் காற்று அந்த வழியாகத்தான் போகும். முகம் சின்னதாக இருந்தவர்களுக்குக் காது நாடாவில் அது இறுகவே இல்லை. காகிள்ஸ் நிமிஷத்தில் பனி பூத்தது. எல்லாரும் காகிள்ஸைத் திட்டி, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார்கள். காகிள்ஸ் உள்ளே வியர்வையாலும் பனி பூக்கும்தான். ஆனால் மாட்டியவுடனே பூத்தால் முதலில் மாஸ்க்கைச் சந்தேகப்படுங்கள். மேல் பக்கம் மூச்சு கசிகிறது என்று அர்த்தம்.

தலையைச் சுற்றி இரண்டு பட்டை வரும் மாஸ்க் கிடைத்தால் விடாதீர்கள். மேல் பட்டை உச்சந்தலையில், கீழ்ப் பட்டை காதுக்குக் கீழே பிடரியில். மூக்குக் கம்பியை ஒரு கையால் கிள்ளாமல் இரண்டு கை விரல்களாலும் இருபக்கமும் அழுத்தி, பலமாக ஊதிப் பாருங்கள். ஓரத்தில் காற்று பட்டால் உள்ளே போகாதீர்கள்.

கடைசியில் வழி திறந்துவிட்டது ஒரு டியூப்லைட். புதிதாக வந்த ஒரு பெட்டிக் கவராலின் தையல் மேல் டேப்பே ஒட்டப்படவில்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. கோயம்புத்தூரில் ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ராவின் ஆய்வகத்தில் கவரால் துணியையும் தையலையும் செயற்கை இரத்தம் விட்டுச் சோதிப்பதும், தேறியதற்குத் தனிச் சான்று எண் தருவதும் செய்தித்தாளிலேயே வந்திருந்தன. அந்த எண் ஒவ்வொரு கவராலிலும் இருக்கவேண்டும் என்பது அப்போதைய விதி. இந்தப் பெட்டியில் தயாரிப்பாளர் பெயர்கூட இல்லை.

வாய்ப்பேச்சை விட்டுவிட்டு எழுதினேன். பெட்டி வந்த தேதி, டேப் இல்லாத தையல், இல்லாத சான்று எண், கூடவே எங்கள் வார்டுக்கு எம் எத்தனை, எல் எத்தனை, பட்டை வைத்த என்95 எத்தனை என்ற கணக்கு. இன்சார்ஜ் சிஸ்டரும் கையெழுத்துப் போட்டார். மருத்துவமனை நிர்வாகத்தைக் கவனிக்கும் டாக்டரான ஆர்எம்ஓவிடம் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கினேன். அந்த முத்திரைதான் வேலை செய்தது. பெட்டி ஒதுக்கப்பட்டது, அடுத்த சப்ளையில் எம் சைஸ் வந்தது, பட்டை வைத்த மாஸ்க்கும் வந்தது. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே சிஸ்டர்" என்றார் அதே கிளார்க். சிரிப்பை மாஸ்க் மறைத்தது.

கிட் போடுவதில் எல்லாரும் கவனமாகத்தான் இருப்பார்கள். கழற்றும்போதுதான் ஆபத்து. ஆறு மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் வியர்த்து நனைந்து வந்தவர்களுக்கு எல்லாவற்றையும் பிய்த்து எறியத் தோன்றும். ஒவ்வொரு படிக்கும் நடுவில் கையைச் சுத்தம் செய்யவேண்டும். கவராலை உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டிக்கொண்டே இறக்கவேண்டும். மாஸ்க் கடைசியில்தான், அதுவும் அறையைவிட்டு வெளியே வந்தபிறகு. நாங்கள் இருவர் இருவராக வருவோம். ஒருவர் கழற்ற, மற்றவர் தள்ளி நின்று படிகளைச் சத்தமாகச் சொல்வார்.

இரவு டூட்டியில் சில சமயம் துணைக்கு ஆள் கிடைக்காது. அதற்காகக் கழற்றும் அறைக்கு ஆளுயரக் கண்ணாடி ஒன்று கேட்டு எழுதினோம். "இது மருத்துவ உபகரணப் பட்டியலில் வராது" என்று திரும்பி வந்தது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நாங்களே வாங்கி மாட்டினோம். மறுவாரமே ஸ்டோரிலிருந்து ஆள் வந்து அதன் மேல் இருப்பு எண் எழுதிவிட்டுப் போனார்.