ஐயாயிரம் ரூபாய்க்கு 18 யூனிட்

அம்மா ஏலச்சீட்டு கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஐந்தாம் தேதி சீட்டுப் பணம் தனியாகப் போய்விடும், மளிகைக் கடை பாக்கியெல்லாம் அப்புறம்தான். அந்தப் பழக்கத்தில்தான் 2024 நவம்பரில் மாதம் 5,000 ரூபாய் என்று நிஃப்டி இடிஎஃப்பில் போட ஆரம்பித்தேன். நிஃப்டி குறியீட்டில் இருக்கும் 50 கம்பெனிகளின் பங்குகளைச் சேர்த்து வைத்திருக்கும், சந்தையில் வாங்கி விற்கக்கூடிய ஃபண்ட் அது. செலவோ வருடத்துக்கு நூறு ரூபாய்க்குப் பத்துப் பைசாகூட இல்லை.

மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடும் எஸ்ஐபி மாதிரிதான் இதுவும் என்று நினைத்திருந்தேன். ஃபண்டில் 5,000 ரூபாயும் அப்படியே யூனிட்டாகிவிடும், மூன்று தசம இடம் வரை. விலை அன்றைய என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டுக்குள் இருக்கும் பங்குகளின் அன்றைய மதிப்பு. இடிஎஃப் அப்படியில்லை, பங்குபோல சந்தையில் இன்னொருவர் விற்பதை வாங்குகிறோம், அதுவும் முழு யூனிட்டாக. அன்று யூனிட் சுமார் 270 ரூபாய். 18 யூனிட் வந்தது, 140 ரூபாய் மிஞ்சியது. சரி, அடுத்த மாதத்தோடு சேர்த்துக்கொள்ளலாம்.

பாடம் ஜனவரியில் வந்தது. அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் இருக்கும் கம்பெனிகளின் பங்குகளை வைத்திருக்கும் நாஸ்டாக் 100 இடிஎஃப் ஒன்றிலும் 2,000 ரூபாய் போடலாம் என்று, 182 ரூபாய் விலையில் 10 யூனிட் வாங்கினேன். வாங்கிய பிறகுதான் ஃபண்ட் நிறுவனத்தின் தளத்தில் ஐ-என்ஏவி என்ற எண் கண்ணில் பட்டது. யூனிட்டுக்குள் இருக்கும் பங்குகளின் அந்த நேரத்து மதிப்பு அது. 163 என்று இருந்தது. யூனிட்டுக்கு 19 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன்! இரண்டு திரைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன், தப்பே இல்லை.

காரணம் தேடி இரண்டு ராத்திரி போனது. சந்தை விலை மதிப்பைத் தாண்டினால், மார்க்கெட் மேக்கர்கள் (யூனிட்டை எப்போதும் வாங்கி விற்கும் பெரிய வியாபாரிகள்) ஃபண்ட் நிறுவனத்திடம் பணம் கட்டிப் புது யூனிட் வாங்கிச் சந்தையில் விற்பார்கள், விலை இறங்கிவிடும். ஆனால் வெளிநாட்டுப் பங்குகளில் எல்லா ஃபண்ட் நிறுவனங்களும் சேர்ந்து போடக்கூடிய பணத்துக்கு 700 கோடி டாலர் என்று வரம்பு இருக்கிறது. அது நிரம்பினால் புது யூனிட் கிடையாது. இருக்கிற யூனிட்டுக்குத்தான் போட்டி. நாளைக்கே வரம்பை உயர்த்தினால், நாஸ்டாக் ஒரு புள்ளிகூட இறங்காமலேயே என் 19 ரூபாய் போய்விடும். நாஸ்டாக் இடிஎஃப் வாங்குவதை அத்தோடு நிறுத்திவிட்டேன்.

இப்போது ஆர்டரைத் தானாகப் போக விடுவதில்லை. 9.15க்குச் சந்தை திறந்ததும் வாங்குகிற விலைக்கும் விற்கிற விலைக்கும் இடைவெளி கூடுதலாக இருக்கும். பதினோரு மணிவாக்கில் ஐ-என்ஏவியைப் பார்த்து, அதை ஒட்டி, இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்று லிமிட் ஆர்டர் போடுகிறேன். ஐந்து நிமிட வேலை.

2025 ஏப்ரலில் ஐந்தாம் தேதி சனிக்கிழமை. அதனால் வாங்கும் நாள் திங்கள், 7ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. டிரம்ப்பின் வரி அறிவிப்பால் உலகச் சந்தையெல்லாம் சரிந்த நாள் அது, நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் விழுந்து முடிந்தது. திரை முழுக்கச் சிவப்பு. நிறுத்திவிடலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். கடைசியில் போட்டேன், 20 யூனிட் வந்தது.

அம்மாவிடம் சொன்னேன். "ஏலத்துல தள்ளு அதிகமாப் போற மாசம் நமக்குக் கட்டுற பணம் குறையும்ல, அது மாதிரியா?" என்று கேட்டார்.

"கிட்டத்தட்ட அப்படித்தாம்மா. ஆனா கடைசியில இவ்வளவு கைக்கு வரும்னு இதுல யாராலயும் சொல்ல முடியாது" என்றேன்.