உப்புவெளியில் மழுங்கிய பிளேட்டும் தம்பலகாமத்தில் தேய்ந்த பிளேட்டும்

திருகோணமலையில் சிறிய கட்டட வேலைகளை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்து வருகிறேன். கொங்கிறீட் வெட்டும் டயமண்ட் பிளேட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதியை, ஒரே பிளேட்டை இரண்டு இடங்களில் பிழையாகப் பயன்படுத்தியே கற்றுக்கொண்டேன். உப்புவெளியில் அது சற்றும் தேயாததால் வேலை நின்றது; தம்பலகாமத்தில் அதே பிளேட் ஒரே மாலையில் கண்ணெதிரே கரைந்தது. இறுகிய பழைய தளத்தில் தேயாத ஒன்று, காலையில் கொட்டிய இளங்கொங்கிறீட்டில் தேய்ந்துபோனது எனக்கு முதலில் தலைகீழான கணக்காகத் தோன்றியது.

உப்புவெளி வேலை சிறியது. கடற்கரையை அண்டிய ஒரு வீட்டின் பின்முற்றத்தில், பல வருடங்களுக்கு முன் போட்ட கொங்கிறீட் தளத்தின் குறுக்கே கழிவுநீர்க் குழாய் பதிப்பதற்காக, 30 சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு வாய்க்கால் எடுக்க வேண்டியிருந்தது. உளியும் சுத்தியலுமாக உடைத்தால் வெடிப்பு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. சுவரடி வரை ஓடிய வெடிப்புகளைப் பார்த்திருக்கிறேன். ஆகவே, பின்னால் நின்று தள்ளிக்கொண்டு நடக்கும் வெட்டு இயந்திரம் ஒன்றை, அதாவது வேலைத்தளங்களில் ‘ரோட் கட்டர்’ என்று சொல்லப்படுவதை, அதை இயக்குபவரோடு சேர்த்து வாடகைக்கு எடுத்தேன். 13 குதிரைவலுப் பெற்றோல் எஞ்சினும் 350 மில்லிமீற்றர் பிளேட்டும் கொண்டது அது. இந்த அளவுப் பிளேட் ஏறக்குறைய 120 மில்லிமீற்றர் ஆழம் வரைதான் இறங்கும். அதை நடுவில் இறுக்கிப் பிடித்திருக்கும் தட்டு அதற்குமேல் தளத்தில் முட்டிவிடும்.

நூல் அடித்து, கோட்டின்மேல் வெட்டத் தொடங்கி, 10 மீற்றரைக்கூட எட்டவில்லை. பிளேட் இறங்க மறுத்தது. எஞ்சின் முனகியது, இயந்திரத்தின் மூக்கு மேலெழும்பியது, நானோ வாடகை நேரம் ஓடுகிறதே என்ற பதற்றத்தில் கைப்பிடியை இன்னும் அழுத்தித் தள்ளும்படி சொன்னேன். அந்த வேலையில் நான் செய்த மிகப் பெரிய பிழை அதுதான். இயக்கியவர் என்னைவிட வயதில் மூத்தவர். பேசாமல் எஞ்சினை நிறுத்தி, பிளேட் ஆறியபின் அதன் விளிம்பைத் தடவிப் பார்க்கச் சொன்னார். கண்ணாடி போல வழுக்கியது. “தம்பி, வழுக்கல் அம்மியில மிளகாய் அரைபடுமா? கொத்தத்தானே வேணும்” என்றார். பிறகு, மணல் கூடுதலாகச் சேர்த்துச் செய்த பழைய சீமெந்துக் கல் சிலவற்றை அடுக்கி, அவற்றில் ஆழமில்லாத வெட்டுகள் பலவற்றைப் போட்டார். அதன்பின் தளத்தில் வைத்தபோது அதே பிளேட் தன் பாட்டில் இறங்கியது.

இந்த விடயத்துக்கு அம்மியைவிடப் பொருத்தமான உவமை எனக்குக் கிடைக்கவில்லை, ஏனெனில் டயமண்ட் பிளேட் செய்யும் வேலை உண்மையில் அரைப்பதுதான். உருக்குத் தட்டின் விளிம்பில் ‘பல்’ என்று நாங்கள் சொல்லும் துண்டுகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. அவை கோபால்ற்று, இரும்பு, வெண்கலம் போன்ற உலோகத் தூள்களோடு வைரத் துகள்களைக் கலந்து, வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுக வைத்துச் செய்யப்பட்டவை. வைரம் என்றதும் விலையை எண்ணி மலைக்க வேண்டியதில்லை. நீலக்கல்லுக்குப் பெயர்போன நம் நாட்டில் யாரும் மண்ணைக் கிண்டித் தேடும் கல் அல்ல அது, 1954 இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுகூடத்தில் உருவாக்கிக் காட்டப்பட்ட முறையின் வழிவந்த செயற்கை வைரம். ஒவ்வொரு துகளும் கல்லைச் சுரண்டிச் சுரண்டி மழுங்கும். அதைப் பிடித்திருக்கும் உலோகம் அதே வேகத்தில் தேய்ந்தால்தான் மழுங்கிய துகள் உதிர்ந்து, அடியிலுள்ள புதிய கூர்த்துகள் வெளியே வரும். உலோகம் தேயாவிட்டால் மழுங்கிய வைரங்களும் உலோகமும் ஒரே மட்டமாகிப் பளபளக்கும். அதன்பின் எவ்வளவு அழுத்தினாலும் சூடுதான் மிஞ்சும்.

கடையில் பிளேட் வாங்கும்போது பலரையும் குழப்பும் விதி இதிலிருந்தே பிறக்கிறது. கருங்கல் சல்லி நிறைந்து பல வருடம் இறுகிய கொங்கிறீட், உலோகத்தை அதிகம் அராவாது. ஆகவே அதற்கு எளிதில் தேயும் மென்மையான பிணைப்புலோகம் கொண்ட பிளேட் வேண்டும். புதிய கொங்கிறீட்டிலும் தாரிலும் மணல் துகள்கள் இலகுவாகக் கழன்று உப்புத்தாள் போல உலோகத்தை அராவுவதால், அவற்றுக்குக் கடினமான பிணைப்பு வேண்டும். ‘எல்லாவற்றுக்கும் ஆகும்’ என்று விற்கப்படும் நடுத்தரப் பிளேட்டை நம்பியே நான் இரண்டு இடங்களிலும் மாட்டிக்கொண்டேன்.

உப்புவெளியில் இன்னோர் ஆபத்தும் இருந்தது. அங்கே தளத்துக்கு அடியில் இருப்பது கடல்மணல். பிளேட் தளத்தைத் துளைத்துக்கொண்டு மணலுக்குள் போனால், தண்ணீரோடு கலந்த அந்த மணல் பல்லைவிட்டு, பல்லுக்குச் சற்று உள்ளேயுள்ள உருக்குத் தட்டைத் தின்னத் தொடங்கும். வைரம் நிறைய மிச்சமிருக்கும்போதே முழுப்பல்லும் கழன்று பறக்கக்கூடும். ஆகவே முதலில் இரண்டு இடங்களில் துளையிட்டுத் தளத்தின் கனத்தை அளந்தோம். 100 மில்லிமீற்றர் இருந்தது. ஒரே தடவையில் இறக்காமல், தடவைக்கு 30 மில்லிமீற்றர் என மூன்று தடவை ஒரே கோட்டில் நடந்து 90 வரை வெட்டி, மிச்சத்தைச் சுத்தியலால் தட்டி எடுத்தோம். இடையில் கம்பி குறுக்கிட்டபோது இயக்கியவர் நடையை மெதுவாக்கினாரே தவிர அழுத்தவில்லை. வெட்டுக்குள் பிளேட் நிற்கும்போது இயந்திரத்தைப் பக்கவாட்டில் திருப்பிக் கோட்டைச் சரிசெய்ய முயல்பவர்களையும் பார்த்திருக்கிறேன். பிளேட் கோணலாவது பெரும்பாலும் அப்படித்தான்.

தண்ணீரைப் பற்றி ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நிமிடத்துக்கு 10 முதல் 20 லீற்றர் வரை பிளேட்டின் இரு பக்கமும் ஓட வேண்டும் என்பது பிளேட்டின் ஆயுளுக்கு மட்டுமான கணக்கல்ல. கொங்கிறீட் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கித் தழும்பை உண்டாக்கும். 1997 இலேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதைப் புற்றுநோய்க் காரணிகளின் முதலாம் பிரிவில் சேர்த்தது. வாயில் துவாயைக் கட்டிக்கொண்டு கிறைண்டரால் உலர வெட்டும் நம் பையன்களைக் காணும்போதெல்லாம் எனக்குக் கோபமே வருகிறது.

தம்பலகாமத்தில், சிறுபோக அறுவடைக்கு முன் நெல் காயவிடுவதற்கான தளம் ஒன்றைப் போட்டோம்: 15 மீற்றர் நீளம், 12 மீற்றர் அகலம், 125 மில்லிமீற்றர் கனம். அவ்வளவு பெரிய தளம் காய்ந்து சுருங்கும்போது எப்படியும் வெடிக்கும்; கனத்தின் நான்கில் ஒரு பங்கு ஆழத்துக்கு முன்கூட்டியே கோடுகள் வெட்டிவிட்டால் வெடிப்பு அந்தக் கோட்டின் அடியிலேயே அடங்கும். கோட்டுக்குக் கோடு உள்ள இடைவெளி தளத்தின் கனத்தைப்போல 24 முதல் 30 மடங்கு வரை இருக்கலாம். நாங்கள் 3 மீற்றர்ச் சதுரங்களாகப் பிரித்தோம். ஆழத்தில் சிரமமில்லை, நேரத்தில்தான் எல்லாச் சிரமமும். ஆடி மாதம், கச்சான் காற்று அனலாக வீசியது. அதிகாலை 5 மணிக்குக் கொட்டத் தொடங்கிய தளத்தில் மாலை 4 மணிக்கு ஒரு மீற்றர் வெட்டிப் பார்த்தோம். விளிம்பிலிருந்து சல்லி பெயர்ந்து வந்தது. இன்னும் இரண்டரை மணி நேரம் காத்திருந்து மீண்டும் வெட்டியபோது விளிம்பு சுத்தமாக நின்றது. ஆனால் உப்புவெளியிலிருந்து வந்த பிளேட்டின் பற்கள் முதல் இரண்டு கோடுகளிலேயே வெளிப்படையாகக் குட்டையாகிவிட்டன. இயக்கியவரின் பெட்டியில் இளங்கொங்கிறீட்டுக்கான கடினப் பிணைப்புப் பிளேட் ஒன்று இருந்ததால் பிழைத்தோம்.

இரவு 10 மணிக்குப் பெற்றோல் தீர்ந்தபோது ஒரேயொரு கோடு மிச்சமிருந்தது. அதை மறுநாள் காலைக்கு விட்டோம். மூன்றாம் நாள் ஈரச்சாக்குகளை விலக்கித் தளத்தின் ஓரத்தைப் பார்த்தபோது, இரவில் வெட்டிய கோடுகள் சிலவற்றின் அடியிலிருந்து மயிரிழை வெடிப்புகள் நேராகக் கீழிறங்கியிருந்தன. காலையில் வெட்டிய கோட்டின் அடியில் எதுவும் இல்லை; அதற்கு ஒரு சாண் தள்ளி, தளத்தின் மேலேயே, வெடிப்பு வளைந்து வளைந்து ஓடியிருந்தது. வயற்காரர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அதன் மேலேதான் இப்போது அவருடைய நெல் காய்கிறது.