நம் பள்ளிக்கூடத்துக் காசு எங்கிருந்து வந்தது?

நம் பழைய மாணவர் சங்கத்தில் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். விடுதிச் சாப்பாடு, பெரிய மட்ச், மழைக்கால மைதானம் எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதுவார்கள், எழுதவும் வேண்டும், நானும் ஆசையோடு வாசிப்பேன். எனக்கு இந்த முறை வேறு ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது. எழுபதுகளில் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் நம் பள்ளியின் உயர்தர வகுப்பில் எங்களுக்குச் சரித்திரம் படிப்பித்த மாஸ்டர் ஒருநாள் வகுப்பைப் பார்த்துக் கேட்டார்: "அமெரிக்கன் வந்து பள்ளிக்கூடம் கட்டினவன் எண்டு எல்லாரும் சொல்லுறியள். அந்தக் காசு அவனுக்கு எங்கயிருந்து வந்தது எண்டு ஆராவது யோசிச்சனியளா?" நாங்கள் யோசித்திருக்கவில்லை. டானியல் பூவர் என்ற அந்த அமெரிக்க மிஷனரியின் பெயர் எங்களுக்கு நூலகத்தின் பெயராகத்தான் தெரியும்.

பிறகு நாட்டை விட்டு வந்து, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் குடியேறி, வேலை குடும்பம் என்று ஓடிய காலத்திலும் அந்தக் கேள்வி என்னோடு கூடவே இருந்தது. பதில் என் வீட்டிலிருந்து கார் ஓட்டிப் போகும் தூரத்தில், மெரிமாக் என்ற ஆற்றங்கரையில் கிடந்தது.

அந்த ஆறு கடலில் கலக்கும் இடத்தில் நியூபரிபோர்ட் என்ற பழைய துறைமுகம் இருக்கிறது. டானியல் பூவரும் அவரோடு வந்த மற்ற மிஷனரிமாரும் 1815 அக்டோபரில் டிரையட் என்ற கப்பலில் ஏறியது அங்கேதான். அடுத்த வருடம் மார்ச்சில் கொழும்பில் இறங்கினார்கள். 1816 இல் தெல்லிப்பளையில் வேலையைத் தொடங்கினார்கள், 1823 இல் நம் பள்ளிக்கு முன்னோடியான வட்டுக்கோட்டைச் செமினரி, 1824 இல் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலை. இதெல்லாம் நமக்கு மனப்பாடம். ஆனால் அதே நியூபரிபோர்ட்டில் 1775 இல் பிறந்த இன்னொருவர் பிரான்சிஸ் கபட் லோவெல். பூவர் கப்பலேறிய காலத்தில் லோவெல் பொஸ்டனுக்குப் பக்கத்தில் வால்தம் என்ற ஊரில், பஞ்சு ஒரு பக்கத்தால் போய்த் துணி மறுபக்கத்தால் வரும் ஆலையை ஓட்டிக்கொண்டிருந்தார். நம் பள்ளியின் கதையும் அமெரிக்காவின் ஆலைக் கதையும் ஒரே ஊரில், ஒரே தலைமுறையில் முளைத்தவை.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1776 இல் சுதந்திரம் அறிவித்த அந்த நாடு ஆரம்பத்தில் பெரும்பாலும் கமக்காரரின் நாடு. வீட்டில் நூற்றார்கள், வீட்டில் நெய்தார்கள், மிஞ்சியதைப் பக்கத்துக் கடையில் கொடுத்து உப்பும் இரும்பும் வாங்கினார்கள். பிரிட்டன் தன் நெசவு எந்திரங்களையோ அவற்றைச் செய்யத் தெரிந்தவர்களையோ வெளியே விடாமல் சட்டம் போட்டு வைத்திருந்தது. 1789 இல் சாமுவேல் ஸ்லேட்டர் என்ற இளைஞர் எந்திரத்தின் அமைப்பை மனதில் வைத்துக்கொண்டு கப்பலேறி வந்தார், அடுத்த வருடமே ரோட் ஐலண்டில் போடக்கெட் என்ற ஊரில் ஆற்றருகே தண்ணீர் விசையில் நூல் நூற்றுக் காட்டினார். அவருடைய முதல் வேலையாட்கள் சிறு பிள்ளைகள். லோவெலும் பின்னர் இங்கிலாந்துக்குப் போய் ஆலைகளைச் சுற்றிப் பார்த்து, விசைத்தறியை மனதில் பதித்துக்கொண்டு திரும்பினார். 1807 இல் கப்பல் போக்குவரத்துக்குத் தடை, 1812 இல் பிரிட்டனோடு யுத்தம், இவற்றால் பொஸ்டன் வியாபாரிகளின் கப்பல்கள் துறைமுகத்தில் சும்மா கிடந்தன. ஆசியாவோடு வியாபாரம் செய்து சேர்த்த பணம் போக இடமில்லாமல் இருந்தது. அந்தப் பணம்தான் ஆலைக்குள் போனது.

யுத்தம் முடிந்ததும் நடந்த ஒன்றைத் தமிழர்களான நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 1816 இல் அமெரிக்கா புதிய சுங்கச் சட்டம் போட்டது. பருத்தித் துணிக்கு 25 வீதம் வரி, அது பெரிதில்லை. ஆனால் எவ்வளவு மலிவான துணியாக இருந்தாலும் ஒரு சதுர கஜத்துக்கு 25 சதம் என்று மதிப்பிட்டுத்தான் வரி போட வேண்டும் என்று சேர்த்தார்கள். அந்த ஒரு வாசகம் பாய்ந்தது இந்தியாவிலிருந்து வந்த மலிவான முரட்டுத் துணி மேல். துணியின் விலையைக் கிட்டும் அளவுக்கு வரி ஏறினால் யார் வாங்குவார்? லோவெல் தானே வொஷிங்டனுக்குப் போய் இதற்காகப் பேசினார். அமெரிக்கச் சந்தையில் இந்தியக் கைத்தறிக்கு இருந்த இடத்தை மாசசூசெட்ஸ் ஆலைகள் எடுத்துக்கொண்டன. அந்த மதிப்பீட்டு வாசகத்துக்குப் பின்னால் எத்தனை நெசவாளர் வீடுகளில் அடுப்பு அணைந்தது என்பதை வொஷிங்டனில் யாரும் கேட்கவில்லை.

லோவெல் 1817 இல் இறந்துவிட்டார். அவருடைய கூட்டாளிகள் மெரிமாக் ஆறு 32 அடி விழும் இடத்தைப் பார்த்து வாங்கி, 1820களில் ஒரு நகரத்தையே கட்டி அவர் பெயரை வைத்தார்கள். நான் லோவெல் நகரத்துக்குப் பலமுறை போயிருக்கிறேன். அங்கே ஆற்றை மறித்து ஐந்தரை மைல் நீளத்துக்கு மேல் கால்வாய் வெட்டி, ஒவ்வொரு ஆலைக்கும் தண்ணீர் பிரித்து விட்டிருக்கிறார்கள். ஊரில் கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீரை வாய்க்காலில் பாத்தி பாத்தியாக மாற்றி விடுவோமே, அதே கணக்கு, ஆனால் பாத்தி ஒவ்வொன்றும் ஐந்து மாடிச் செங்கல் கட்டிடம். பழைய பூட் ஆலையை இப்போது அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், தறிகளை இயக்கியும் காட்டுகிறார்கள். காதடைப்பான் தந்துதான் உள்ளே விடுவார்கள். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. தரை நடுங்குவது காலில் தெரியும். வந்தவர்கள் கொஞ்ச நேரத்தில் வெளியே போய்விடுவார்கள். அங்கே வேலை செய்த பெண்கள் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று மணித்தியாலம் நின்றார்கள்.

அந்தப் பெண்களைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத விரும்புகிறேன். நியூ ஹாம்ப்ஷயர், வெர்மொன்ட் மலைப்பக்கக் கமக்காரரின் மகள்கள், பெரும்பாலும் பதினைந்துக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட வயது. கம்பனி கட்டிய விடுதியில் தங்கினார்கள். ஒரு அறையில் பலர், இரவு பத்து மணிக்குக் கதவு பூட்டு, ஞாயிற்றுக்கிழமை கோயில் கட்டாயம். அதுவரை சூரியனைப் பார்த்து எழும்பி மாட்டைப் பார்த்து வேலை செய்தவர்களை மணிச்சத்தம் எழுப்பியது, மணிச்சத்தம் சாப்பிட விட்டது. அதேநேரம் அவர்கள் கையில் முதல்முறையாகச் சொந்தக் காசு வந்தது. தம்பியைப் படிப்பித்தவர்கள், தகப்பனின் கடனை அடைத்தவர்கள், வங்கியில் கணக்கு வைத்தவர்கள், மாலையில் சொற்பொழிவு கேட்கப் போனவர்கள், தாங்களே சஞ்சிகை நடத்தியவர்கள். இதை அடிமைத்தனம் என்றோ விடுதலை என்றோ ஒரே சொல்லில் முடித்துவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இரண்டும் ஒரே பெண்ணின் ஒரே நாளுக்குள் நடந்தன.

1834 இல் கூலியைக் குறைக்கப் போகிறோம் என்று அறிவித்தபோது சுமார் 800 பெண்கள் வேலையை விட்டுத் தெருவில் இறங்கினார்கள். 1836 இல் விடுதிக் கட்டணத்தைக் கூட்டியபோது இன்னும் பெரிய கூட்டம். 1840களின் நடுவில் சாரா பாக்லி என்ற பெண்ணின் தலைமையில் சங்கம் அமைத்து, பத்து மணித்தியால வேலைநாள் கேட்டு ஆயிரக்கணக்கில் கையெழுத்துச் சேர்த்து மாநில சட்டசபைக்கு அனுப்பினார்கள். சபை விசாரித்தது, சாட்சி கேட்டது, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டது. வாக்குரிமை இல்லாத பெண்கள், அதுவும் அந்தக் காலத்தில்! பிறகு அயர்லாந்துப் பஞ்சத்திலிருந்து தப்பி வந்த ஏழைகள் குறைந்த கூலிக்குக் கிடைத்தார்கள், கமக்காரரின் மகள்கள் மெல்ல மெல்ல விலகிப் போனார்கள்.

ஏன் அந்த மகள்கள் வீட்டை விட்டு வந்தார்கள் என்பதற்கு ஈரி கால்வாயைப் பார்க்க வேண்டும். நியூயோர்க் மாநிலம் 1817 இல் தொடங்கி 1825 இல் முடித்த வேலை அது, 363 மைல் நீளம், படகை ஏற்றி இறக்க 83 மதகுகள், எல்லாம் மண்வெட்டியாலும் வெடிமருந்தாலும். பஃபலோவிலிருந்து நியூயோர்க்குக்கு ஒரு டன் சரக்கு அனுப்ப 100 டாலர் அளவில் இருந்த செலவு பத்து டாலருக்குக் கீழே வந்தது. மேற்கிலிருந்து கோதுமை மா மலிவாக வந்து குவிந்தபோது கல்லும் மேடுமான வெர்மொன்ட் காணிகளால் போட்டி போட முடியவில்லை. மகன்கள் மேற்கே போனார்கள், மகள்கள் ஆலைக்குப் போனார்கள். கால்வாயோரத்து ரொச்செஸ்டர் போன்ற ஊர்கள் திடீரென்று நகரமாயின, அங்கேதான் 1830களில் பெரிய சமய எழுச்சிக் கூட்டங்களும் நடந்தன. பழைய ஊர், பழைய உறவு எல்லாம் கலைந்துபோன மனிதர்கள் கோயிலுக்குள் ஒரு புதிய ஊரைத் தேடினார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். அந்த எழுச்சியின் காணிக்கையில் ஒரு பங்கு கடல் கடந்து நம் ஊருக்கும் வந்தது. பெண்கள் தையல் வட்டங்களில் தைத்து விற்ற காசு, பிள்ளைகள் சேர்த்த சதங்கள், வியாபாரிகளின் நன்கொடை. பூவர் முதலானோரை அனுப்பிய பொஸ்டன் மிஷன் சபை தன் சஞ்சிகையில் ஊர் ஊராகப் பட்டியல் போட்டது. ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்றவர் அந்தப் பிள்ளைக்குத் தன் விருப்பப்படி பெயரும் வைக்கலாம். 1841 இல் உதயதாரகைப் பத்திரிகையை நடத்திய நம் பழைய மாணவர்கள் ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் தமிழர்கள்தான். தமிழறிஞர் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையின் பெயரின் முன்பாதியும் அப்படி வந்ததுதான்.

சரி, ஆலைக்குப் பஞ்சு எங்கிருந்து வந்தது? இதை எழுதாமல் விட்டால் மாஸ்டரின் கேள்விக்குப் பாதிப் பதில்தான். 1793 இல் ஈலை விட்னி பருத்தியிலிருந்து விதையைப் பிரிக்கும் ஜின் எந்திரத்தைச் செய்தார். 1790 இல் சில ஆயிரம் பொதியாக இருந்த தென் மாநிலப் பருத்தி 1860 இல் ஏறக்குறைய 40 லட்சம் பொதி. அடிமைகளின் தொகை அதே காலத்தில் ஏழு லட்சத்திலிருந்து 40 லட்சத்தை எட்டியது. ஆபிரிக்காவிலிருந்து ஆட்களைக் கொண்டுவருவதை 1808 இல் தடை செய்திருந்தாலும், உள்நாட்டிலேயே வேர்ஜீனியா, மேரிலாண்ட் பக்கமிருந்து மிசிசிப்பி, அலபாமா பருத்திக் காடுகளுக்குச் சுமார் பத்து லட்சம் பேர் பெயர்க்கப்பட்டார்கள். தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். அவர்கள் பறித்த பஞ்சு லோவெலுக்கு வந்தது, லோவெலில் நெய்த முரட்டுத் துணி அவர்களுக்கே உடுப்பாகத் திரும்பிப் போனது. தெற்கில் அந்தத் துணிக்கே லோவெல் என்று பெயர் இருந்தது.

பருத்திக்கு நிலம் வேண்டும், நிலத்தில் செரோக்கி என்ற பூர்வகுடி மக்கள் இருந்தார்கள். நம் பள்ளியை நடத்திய அதே பொஸ்டன் சபை செரோக்கி மக்களிடையேயும் பள்ளி நடத்தியது. அதன் மிஷனரி சாமுவேல் வூஸ்டரை ஜோர்ஜியா மாநிலம் 1831 இல் சிறையில் போட்டது, அடுத்த வருடம் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது, ஆனாலும் 1838 இல் அந்த மக்களைத் துப்பாக்கி முனையில் மேற்கே நடத்திக்கொண்டு போனார்கள். வழியிலும் முகாம்களிலும் நாலாயிரம் பேர் அளவில் இறந்தார்கள். சபையின் செயலாளராக இருந்த ஜெரமியா எவர்ட்ஸ் இந்த வெளியேற்றத்துக்கு எதிராகத் தன் கடைசிக் காலம் வரை எழுதினார். ஊரைவிட்டு நடந்த அனுபவம் உள்ள நமக்கு அந்த மனிதர் மேல் தனி மரியாதை வர வேண்டும்.

இனி 1837. காணி விலையும் பருத்தி விலையும் கடனிலேயே ஏறிக்கொண்டு போய், அந்த வருடம் மே மாதம் 10 ஆம் திகதி நியூயோர்க் வங்கிகள் நோட்டுக்குப் பதிலாகத் தங்கமோ வெள்ளியோ தர மாட்டோம் என்று கதவை அடைத்தன. கம்பனிகள் விழுந்தன, வேலை போனது, காணிக்கை நின்றது. பொஸ்டன் சபை கடனில் மாட்டி, செலவைக் குறையுங்கள் என்று எல்லா மிஷன்களுக்கும் எழுதியது. அந்தக் கடிதம் கப்பலில் மாதக்கணக்காக வந்து யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தபோது கிராமத்துப் பாடசாலைகள் வரிசையாக மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். மிசிசிப்பியில் பருத்தி விலை விழுந்ததற்காக நம் பக்கத்தில் ஒரு பிள்ளையின் ஏட்டுப் படிப்பு நின்றது என்றால், மாஸ்டரின் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

இவையெல்லாம் தெரிந்த பிறகும் அந்த மிஷனரிமார் மேல் எனக்குள்ள நன்றி குறையவில்லை. ஆனால் நன்றிப் பட்டியல் நீண்டுவிட்டது. அதில் லோவெலில் காது மரத்துப்போக நின்ற பெண்ணும், அலபாமா வெயிலில் முதுகு வளைத்தவரும் இருக்கிறார்கள், அவர்கள் பெயர் எந்த நன்கொடைப் பட்டியலிலும் இல்லை.

ஒரு வேண்டுகோள். பொஸ்டன் சபையின் பழைய ஆவணங்கள், யாழ்ப்பாணத்திலிருந்து போன கடிதங்கள் உட்பட, கேம்பிரிட்ஜில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. 1981 இல் யாழ் நூலகம் எரிந்ததில் நாம் இழந்தது நமக்குத் தெரியும், ஆகவே மிஞ்சியிருப்பதை நாமே போய்ப் பார்க்க வேண்டும். நம் சங்கம் வருடம் ஒரு மாணவருக்காவது அந்த ஆவணங்களை வாசிக்க ஒரு சிறு உதவித்தொகை வைக்கலாம். இந்தப் பக்கம் வரும் பிள்ளைகளுக்குத் தங்க இடமும் சாப்பாடும் எங்கள் வீட்டில் உண்டு, லோவெலுக்கும் நியூபரிபோர்ட்டுக்கும் நானே கூட்டிப் போவேன். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை முன்மொழிய இருக்கிறேன், வழிமொழிய ஒருவர் முன்வாருங்கள்.