"அவன் ஹேக்கு!": போங்காட்டம் தொடங்கும் இடம்

காட்பாடியில் நாலு பையன்கள் சேர்ந்து பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை கேமை போனில் ஆடுகிற மொட்டைமாடியில் ஒரு மணி நேரம் இருந்தால் போதும், இந்த வசனம் காதில் விழுந்துவிடும்: "இன்னாடா மச்சி, செவுத்துக்குப் பின்னாடி வந்தப்புறம் சுட்றான்? ஹேக்கு போட்டுக்கினு ஆட்றான்டா!"

ஹேக் என்றால் கேமை ஏமாற்றி ஜெயிக்க வைக்கும் திருட்டு ஆப். ஆனால் பல சமயம் எதிராளி ஒரு பாவமும் அறியாதவன். உங்கள் பிங் 60, அவனுடையதும் 60 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிங் என்பது போய்வர ஆகும் நேரம். ஆக, அவன் நகர்ந்த செய்தி, ஆட்டத்தை நடத்தும் கம்பெனி கம்ப்யூட்டரான சர்வருக்குப் போக 30, அங்கிருந்து உங்களிடம் வர 30. சர்வர் செகண்டுக்கு 64 முறை கணக்குப் போடுவதாக இருந்தால், ஒரு முறைக்கு 15.6. அசைவு வெட்டி வெட்டித் தெரியாமல் இருக்க உங்கள் போன் வேண்டுமென்றே கொஞ்சம் பழைய காட்சியைக் காட்டும், அது தனி. எல்லாம் சேர்ந்தால் 90, 100 என்று போய் நிற்கும். மூலையிலிருந்து எட்டிப் பார்க்கிறவன் உங்களைப் பார்த்து இவ்வளவு நேரம் கழித்துத்தான் அவன் உங்கள் திரைக்கே வருகிறான். கண் பார்த்து விரல் அசையவே மனுஷனுக்கு 200, 250 மில்லிசெகண்ட் ஆகும். போதாததற்கு, இந்த வகை கேம்கள் பலவற்றில் சுட்டவன் திரையில் அந்த நேரம் என்ன தெரிந்ததோ, அங்கே காலத்தைப் பின்னுக்கு ஓட்டித்தான் சர்வர் தீர்ப்புச் சொல்லும். அவன் திரையில் நீங்கள் இன்னும் வெளியே நிற்கிறீர்கள். உங்கள் திரையில் சுவருக்குப் பின்னே. ரெண்டு பேர் சொல்வதும் உண்மைதான்.

இதோடு மே மாத வேலூரையும் சேருங்கள். ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரையிலான சூட்டில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். இங்கே நிழலிலேயே 40 தாண்டும். சூடு ஏறியதும் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எஃப்பிஎஸ், அதாவது செகண்டுக்குத் திரையில் வரும் படங்களின் (ஃபிரேம்) எண்ணிக்கை, 60-லிருந்து 30 ஆனால், ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட் இருந்தது 33 ஆகிவிடும். சார்ஜ் போட்டபடி ஆடினால் இன்னும் மோசம். திட்டு மட்டும் எதிராளிக்கு.

'எல்லாரும் போட்றான், நாம மட்டும் இன்னா இளிச்சவாயா?' என்ற எண்ணம் விழுவது இந்த மாதிரித் தோல்விகளில்தான். அதற்கப்புறம் ஹேக் போடுகிறவன் தன்னைப் போங்கு என்றே நினைப்பதில்லை, தராசைச் சமன் செய்வதாகத்தான் நினைக்கிறான்.

அதனால் முதல் படியும் சாதுவானதாகவே இருக்கும்: ஜிஎஃப்எக்ஸ் டூல். சின்ன போனுக்கு கேம் தராத எஃப்பிஎஸ்ஸைச் செட்டிங் கோப்பை மாற்றி வாங்கித் தருகிற ஆப். "இது ஹேக் இல்லபா, செட்டிங்." கேம் கோப்பில் வெளி ஆப் கைவைத்தாலே விதிமீறல்தான், அதற்கே ஐடி, அதாவது கேம் கணக்கு, போகலாம். அடுத்தது ரீகாயிலை, அதாவது சுடும்போது துப்பாக்கி உதறுவதை, குறைப்பது. பிறகு இஎஸ்பி, சுவருக்குப் பின்னால் இருப்பவனைக் கோடு போட்டுக் காட்டுவது. 'பாக்க மட்டும்தான் செய்றேன், சுட்றது என் கைதானே' என்று அதற்கும் ஒரு நியாயம் உண்டு. கடைசியில் எய்ம்பாட், தானே குறிபார்த்துத் தருவது. அதிலும் அடக்கமாக ஆடுகிற ஆட்கள் இருக்கிறார்கள்: குறியை இழுக்கும் வட்டத்தைச் சின்னதாக்கி, இழுக்கும் வேகத்தைக் குறைத்து, சில குண்டுகள் தவறட்டும் என்று விட்டுவைப்பார்கள்.

இஎஸ்பியை ஒழிப்பது ஏன் இவ்வளவு பாடு என்றால், எதிராளி நிற்கும் இடம் ஏற்கெனவே உங்கள் போனுக்குள் வந்து கிடக்கிறது. காலடிச் சத்தம் கேட்கவும், மூலை திரும்பியதும் ஆள் பளிச்சென்று முளைக்காமல் இருக்கவும் சர்வர் அதை முன்கூட்டியே அனுப்பியாக வேண்டும். ஹேக் அதை மெமரியிலிருந்து படித்துத் திரையில் வரைகிறது, அவ்வளவுதான். வேலரன்ட் என்ற இன்னொரு துப்பாக்கி கேமில் ஆள் கண்ணில் படப்போகும் வரை இடத்தை அனுப்பாமல் பிடித்துவைக்கிறார்கள். குறுகலான மேப்புக்கு அது சரி. 8 கிலோமீட்டருக்கு 8 கிலோமீட்டர் பரந்த பிஜிஎம்ஐ மேப்பான எராங்கலில், ஸ்கோப்பில் பார்த்தால் எவ்வளவோ தூரத்து மலை தெரியும். எதை மறைப்பது?

'ஆடத் தெரியாதவன்தான் போடுவான்' என்பார்கள். 2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த கவுன்டர்-ஸ்ட்ரைக் போட்டியில் ஆப்டிக் இந்தியா அணி வீரர் ஒருவரின் கம்ப்யூட்டரில் 'வேர்டு.எக்ஸி' என்ற பெயரில் ஹேக் அகப்பட்டது. அணி கலைக்கப்பட்டது. சம்பளத்துக்கு ஆடுகிற அளவுக்குக் கை ஓடியவர் அவர். மேலே போகப் போக இறங்கிவிடுவோமோ என்ற பயம்தான் கூடுகிறது. பிஜிஎம்ஐயில் கான்கரர் பட்டம் முதல் 500 பேருக்குத்தான், சீசன் மாறினால் ரேங்க்கும் இறங்கிவிடும்.

தண்ணியில்லாத பாலாற்று மணலில் கிரிக்கெட் ஆடும்போது போங்கு செய்தவனுக்கு மறுநாள் பேட்டிங் கிடைக்காது. ஆன்லைனில் அந்தத் தண்டனை உடனே விழுவதில்லை. கவுன்டர்-ஸ்ட்ரைக்கை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் ஹேக் பிடிக்கும் ஏற்பாடான விஏசி, கண்டுபிடித்த ஆளையே கொஞ்ச நாள் விட்டுவைத்துப் பிறகு மொத்தமாகத் தடை போடும். அன்றே போட்டால் எது மாட்டியது என்று ஹேக் எழுதுகிறவனுக்குத் தெரிந்துவிடும். கணக்கு சரிதான். ஆனால் ரிப்போர்ட் அடித்தவன், அதே ஆள் மறுநாளும் ஆடுவதைப் பார்த்து, 'கம்பெனி ஒண்ணும் புடுங்காது' என்ற முடிவுக்கு வந்துவிடுகிறான். அடுத்த இளிச்சவாய் எண்ணம் அங்கே பிறக்கிறது.

சந்தேகம் வந்தால் கேமில் செத்த பிறகு வெளியே ஓடாமல் அவனையே ஸ்பெக்டேட் செய்யுங்கள், அதாவது அவன் ஆடுவதை அவன் திரை வழியே பாருங்கள். ஒரு சண்டை போதாது, மூன்று சண்டையாவது பாருங்கள். சத்தமே வராத சுவர் மீது குறி நகர்ந்து நகர்ந்து ஆளோடு கூடவே போகிறதா, காலி வீட்டை மட்டும் சரியாகத் தெரிந்து பயமில்லாமல் நுழைகிறானா என்று கவனியுங்கள். தலைக்குத் தலை அடிப்பது சாட்சியாகாது, ஜைரோ, அதாவது போனைச் சாய்த்துக் குறிபார்ப்பது, பழகிய கைக்கும் அது வரும்.

ஹேக் விற்பனை டெலிகிராமில், நாள் சாவி, வாரச் சாவி, மாதச் சாவி என்று நடக்கிறது. அந்த ஏபிகே, அதாவது ஆப் கோப்பு, கேட்கும் அனுமதிகளைப் படித்துப் பாருங்கள். கேமுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம்? ஓடிபி படிக்கத்தான். மாட்டினால் ஐடிக்குத் தடை, வேறு ஐடியில் மறுபடி தொடக்கம். புது ஐடிக்கு வரும் ஆட்டங்களில் எதிராளிகளில் பெரும்பகுதி பாட்கள், கம்ப்யூட்டர் ஆட்டுவிக்கும் ஆட்கள். நின்ற இடத்தில் நின்று சுட்டாலே பதினைந்து கில் விழும். 'இந்த ஹேக் சூப்பரா வேலை செய்யுது மச்சி' என்று அடுத்தவனுக்கு லிங்க் போவது அந்த முதல் நாளில்தான்.